கொலம்பஸ் புறநகரில் வீடு பார்க்கிறீர்களா? ரேட்டிங்குக்கு முன்னால் பள்ளியின் கணக்கைப் பாருங்கள்

ஒஹாயோவுக்கு வேலை மாறி வருகிற நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது?" ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்புதான் டிஸ்ட்ரிக்ட். வாட்ஸ்அப் குழுவில் கேட்ட அரை மணி நேரத்தில் டப்ளின், ஒலென்டாங்கி என்று பதில்கள் வந்து விழும். ரேட்டிங் தளத்தில் எட்டோ ஒன்பதோ பார்த்ததும் நமக்கும் மனசு நிறைந்துவிடும். ஆனால் அந்த எண் ஏற்கெனவே எழுதி முடித்த பரீட்சையின் கதை. உங்கள் பிள்ளை சேரப்போகும் வருஷத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்குமா என்பது வேறு கணக்கு. அதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போதும்.

முதல் படி: விலாசத்தை நம்பாதீர்கள்

இங்கே ஊர் எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு. 1986-இல் கொலம்பஸ் பள்ளி வாரியமும் சுற்றியுள்ள வாரியங்களும் 'வின்-வின்' என்று ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நகரோடு சேர்க்கப்பட்ட சில பகுதிகள் பழைய புறநகர் டிஸ்ட்ரிக்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அதனால் கொலம்பஸ் நகர எல்லைக்குள்ளேயே டப்ளின் பள்ளிக்கும் ஹில்லியர்ட் பள்ளிக்கும் போகிற தெருக்கள் உண்டு. டப்ளின் என்று தபால் வந்தும் கொலம்பஸ் பள்ளிக்குப் போகிற வீடுகளும் உண்டு.

நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் விளம்பரத்தில் ஒரு டிஸ்ட்ரிக்ட் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வாசலில் நின்றபடியே போனில் கவுன்ட்டி ஆடிட்டர் (வீட்டு மதிப்பு, வரிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) தளத்தைத் திறந்து விலாசத்தைத் தட்டினேன். அங்கே வேறு பெயர். வீட்டுத் தரகரான ரியல்டர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டின் படங்களைப் பார்க்கும் முன்பே ஆடிட்டர் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

இரண்டாம் படி: லெவி என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

இதுதான் ஆணிவேர், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே பள்ளிச் செலவின் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. அந்த வரியில் பெரும்பகுதியை மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். அதற்குத்தான் லெவி என்று பெயர். வீட்டு விலை ஏறினால் பள்ளிக்கும் தானாக வருமானம் ஏறும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1976-இல் வந்த ஹவுஸ் பில் 920 என்ற சட்டம் அதைத் தடுக்கிறது. ஓட்டில் வென்ற லெவி ஏற்கெனவே இருக்கும் வீடுகளிலிருந்து முதலில் எவ்வளவு வசூலித்ததோ, மதிப்பு ஏறினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வசூலிக்கும். வரி விகிதம் அதற்கேற்பக் குறைந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, முதல்முறை பார்ப்பவருக்கு அவை வேண்டாம்.

2023-இல் கொலம்பஸ் இருக்கும் ஃப்ராங்க்ளின் கவுன்ட்டியின் மறுமதிப்பீட்டில் வீடுகளின் மதிப்பு சராசரியாக 41 சதவீதம் கூடியது. பள்ளிகளுக்குப் பணம் கொட்டுகிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அப்படி எதுவும் கொட்டவில்லை. டீசல் விலையும் சம்பளமும் ஏற, வரவு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே சில வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்ட்ரிக்ட் மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தே தீரும். சொத்து வரியை இவ்வளவு நம்பியிருப்பது மாநில அரசமைப்புக்கு முரண் என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997-இல் டிரால்ஃப் வழக்கில் சொன்னது. தீர்ப்பு வந்தது, லெவி போகவில்லை.

இன்னொன்று, பாண்ட் வேறு, லெவி வேறு. பாண்ட் என்பது டிஸ்ட்ரிக்ட் வாங்கும் கடன். அந்தப் பணம் கட்டடத்துக்கு, அதிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. பளபளக்கும் புதுப் பள்ளியைப் பார்த்து, பணக்கார டிஸ்ட்ரிக்ட் என்று மயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: பழைய ஓட்டுக் கணக்கை எடுங்கள்

கவுன்ட்டி தேர்தல் வாரியத் தளத்தில் பழைய முடிவுகள் எல்லாம் கிடைக்கும். டப்ளின் டிஸ்ட்ரிக்ட் ஃப்ராங்க்ளின், டெலவேர், யூனியன் என்று மூன்று கவுன்ட்டிகளில் பரவியிருப்பதால் மூன்றையும் கூட்ட வேண்டும். கடைசி மூன்று நான்கு லெவிகள் வென்றனவா, எத்தனை சதவீதத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சியிலேயே 58 வாங்கிய ஊரும், மூன்றாவது முயற்சியில் 50-ஐத் தட்டுத்தடுமாறித் தாண்டிய ஊரும் ஒன்றில்லை.

தோற்றால் என்ன ஆகும்? 2009-இல் சவுத்-வெஸ்டர்ன் சிட்டி டிஸ்ட்ரிக்டில் லெவி தோற்றதும் விளையாட்டு, இசைக்குழு, கிளப் என எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நவம்பரில் லெவி வென்ற பிறகுதான் திரும்ப வந்தன. பஸ்ஸும் குறையலாம். எட்டாம் வகுப்பு வரை, இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதுதான் சட்டப்படி கட்டாயம். ஹைஸ்கூல் பஸ் டிஸ்ட்ரிக்டின் விருப்பம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஏழு மணிக்கு இதன் அருமை தெரியும்.

நான்காம் படி: வரவு செலவுக் கணிப்பு

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் வரும் ஆண்டுகளுக்கான கணிப்பை மாநிலக் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் டிரஷரர் (நிதி அதிகாரி) பக்கத்தில் கிடைக்கும். எண்களைக் கண்டு மிரள வேண்டாம். ஆண்டு முடிவுக் கையிருப்பு என்று அடியில் ஒரு வரி இருக்கும், அதை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள். எந்த ஆண்டில் எண் அடைப்புக்குறிக்குள் போகிறதோ, அந்த ஆண்டில் பணம் தீர்ந்துவிடும் என்று அர்த்தம். கூடவே வரும் விளக்கக் குறிப்புகளையும் விடாதீர்கள். அடுத்த லெவிக்கு எப்போது வருவதாக நினைக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் கணக்கு

வரிக்கு எடுத்துக்கொள்வது சந்தை மதிப்பில் 35 சதவீதம். ஒரு மில் என்றால் அதில் ஆயிரத்துக்கு ஒரு டாலர். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு வரி மதிப்பு 1,40,000. ஆக, புது லெவியில் ஒரு மில்லுக்கு வருஷம் 140 டாலர். 7 மில் லெவி வந்தால் 980, மாதம் சுமார் 82 டாலர் கூடும். மாதத் தவணையில் இதை இப்போதே சேர்த்துப் பாருங்கள்.

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குவோருக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. ஒஹாயோவில் இந்த வருஷ வரியை அடுத்த வருஷம்தான் கட்டுகிறோம். அதனால் முதல் பில் வெறும் மனைக்கு மட்டும் வரலாம். வரி குறைவு என்று மகிழ்ந்திருக்கையில் வீட்டையும் சேர்த்து மதிப்பிடுவார்கள், எஸ்க்ரோ (வரிக்காக வங்கி மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம்) பற்றாக்குறை என்று வங்கியிலிருந்து கடிதம் வரும். எங்களுக்கும் வந்தது. அந்த மாதம் இந்தியா டிக்கெட் போடவில்லை.

சில டிஸ்ட்ரிக்ட்கள் சம்பளத்திலும் வரி எடுக்கும். பிக்கரிங்டனில் 1 சதவீதம், பெக்ஸ்லியில் 0.75. நகர வருமான வரி இதற்கு வெளியே தனி.

எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்த வரி அத்தனையும் கட்டுவோம், ஓட்டு மட்டும் கிடையாது. நம் பிள்ளையின் பஸ்ஸைத் தீர்மானிப்பது அடுத்த வீட்டுக்காரர். அதனால்தான் மூன்றாம் படியை அவ்வளவு வற்புறுத்தினேன்.

கடைசியாக ஒன்று

கையெழுத்துப் போடும் முன் பள்ளி வாரியக் கூட்டம் ஒன்றைப் பாருங்கள். பல டிஸ்ட்ரிக்ட்கள் வீடியோவை இணையத்தில் போடுகின்றன. டிரஷரர் பேசும் பகுதியும், எல்லை மாற்றம் பற்றிய பேச்சு இருந்தால் அதுவும் போதும். வேகமாக வளரும் டிஸ்ட்ரிக்டில், நீங்கள் எந்தப் பள்ளிக்காக வீடு வாங்கினீர்களோ அதே பள்ளி மாறிப்போகலாம். ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டால் சாம்பார் கொதிப்பதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.