மட்டியா ஸ்பிரிஃபரா? மடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்

போன சீசன்ல ஊட்டில ஒரு ரோட்டோரக் கடைல 300 ரூவா குடுத்து ஒரு சிப்பிக்கல் (கல்லாப் போன பழங்காலக் கடல் ஓடு) வாங்கினேன், கடைக்கார அண்ணன் "நம்ம மலைல தோண்டி எடுத்தது தம்பி"ன்னு சத்தியமே பண்ணாரு. வீட்டுக்கு வந்து பாத்தா கல்லு நிஜம், கதைதான் பொய். நீலகிரில பெரும்பாலும் சார்னோகைட் பாறைதான், பூமிக்கடில ஆழத்துல வெந்து உருவானது, சுமார் 250 கோடி வருஷம் பழசு, அப்ப ஓடு போட்ட பிராணியே உலகத்துல கிடையாது. அதனால தேயிலைத் தோட்டத்துல குழி தோண்டிறாதீங்க. அரியலூர்ப் பக்கமும் ஸ்பிரிஃபர் (மட்டி மாதிரியே ரெண்டு ஓடு இருந்தும் மட்டி இல்லாத, பிராக்கியோபாட்ங்கற கடல் பிராணிக் கூட்டத்துல அழிஞ்சு போன ஒரு வகை) தேட வேணாம், அங்க இருக்கறது கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதிப் பாறை, அது படியறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த இனம் அழிஞ்சு போச்சு. இமயமலைல ஸ்பிதி பக்கம் பெர்மியன் (டைனோசருக்கும் முந்தின காலம்) பாறைல உண்டு, அதுல ஒண்ணுக்கு 'ராஜா'ன்னே பேரு வச்சிருக்காங்க.

சரி, கைல ஒரு கல்லு இருக்கு, எப்படி கண்டுபிடிக்கறது?

மொதல்ல கழுவுங்க. வெறும் தண்ணி, பழைய டூத் பிரஷ், அவ்ளோதான். நான் அறிவாளி மாதிரி எலுமிச்சம்பழம் தேச்சேன், நொரை பொங்கிச்சு, அழுக்கு போகுதுன்னு சந்தோஷப்பட்டா ஓடே கரையுது, ஒரு பக்கம் வரியெல்லாம் மழுங்கிப் போச்சு. ஓடு கால்சைட், புளிப்பு ஆகாது.

அடுத்து கல்ல படுக்க வச்சு ட்ரேசிங் பேப்பர்ல சுத்தி வரைஞ்சு, மூக்கு மாதிரி கூரா இருக்கற எடத்துலேர்ந்து நேரா நடுவுல மடிங்க. ரெண்டு பாதியும் கச்சிதமா பொருந்துனா பிராக்கியோபாட், மட்டின்னா பெரும்பாலும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். இப்ப பக்கவாட்டுல திருப்புங்க, எல்லாம் தலைகீழாயிடும்: மட்டிக்கு பெரும்பாலும் ரெண்டு ஓடும் கண்ணாடில பாத்த மாதிரி ஒண்ணு, பிராக்கியோபாடுக்கு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. மட்டி ஓடு இடது வலது, இதுக்கு மேல கீழ, அதான் வித்தியாசம். கல்லு நசுங்கிருந்தா மட்டும் இந்த டெஸ்ட் ஏமாத்திடும்.

ஸ்பிரிஃபர்தானான்னு பாக்க, மூக்குப் பக்கம் ஓடு ரெண்டும் சேர்ற எடம் நீளமா நேர்கோடா இருக்கான்னு பாருங்க, பல ஸ்பிரிஃபர் றெக்கை விரிச்ச குருவி மாதிரியே இருக்கும், சீனால இத கல் குருவின்னு மருந்துக்கே இடிச்சிருக்காங்க. பெரிய ஓட்டுல நடுவுல ஒரு பள்ளம், சின்ன ஓட்டுல அதுக்கு நேரா ஒரு மேடு, மூக்குக்குக் கீழ முக்கோணமா ஒரு சந்து, அது வழியாத்தான் காம்பு மாதிரி ஒண்ணு நீட்டி கடலடில ஒட்டிக்கிட்டு வாழ்ந்துச்சு.

ஒடைஞ்ச கல்லு கெடைச்சா இன்னும் அதிர்ஷ்டம், உள்ள ஸ்பிரிங் மாதிரி ரெண்டு சுருள் தெரியலாம், அதாலதான் ஸ்பிரிஃபர்னு பேரே. தண்ணிலேர்ந்து எரைய வடிகட்டுற உறுப்ப அந்த சுருள்தான் தாங்கிப் பிடிச்சுது. என் கல்லுல சுருள் இருக்கான்னு தெரியல, ஒடைச்சுப் பாக்கவும் மனசு வரல, எலுமிச்சம்பழம் போட்டதே போதும்.