சென்னை மின்சார ரயிலில் புதிதாக ஏறுபவர்கள் செய்யும் தவறுகள்

கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இத்தனை காலம் ஆகியும், ஊருக்குப் புதியவர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு: சென்ட்ரல். அங்கே வந்து இறங்குபவர், தாம்பரம் வண்டியும் அங்கேயே நிற்கும் என்று நினைத்துத் தேடுவார். பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புபவை ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற வண்டிகள். தாம்பரம் போக, பெரிய சாலையைக் கடந்து எதிரே இருக்கும் பூங்கா நிலையத்துக்குப் போகவேண்டும். அதற்கு அருகிலேயே பூங்கா நகர் என்று இன்னொரு நிலையம். அது வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்கானது. அதனால் நிலையத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்காதீர்கள். போகவேண்டிய ஊரைச் சொல்லிக் கேளுங்கள்.

தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் கூடுவாஞ்சேரி போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறி, அங்கே இறங்கிக் காத்துக் கிடப்பதும் வழக்கம். ஏறுமுன் ‘செங்கல்பட்டு வண்டியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாஸ்ட் வண்டி என்றால், உங்கள் நிலையத்தில் நிற்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

டிக்கெட் விஷயத்தில், 2025 ஏப்ரலில் வந்த ஏசி ரயிலுக்குத் தனிக் கட்டணம். சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய் என்றால் இதில் 35. சாதாரண டிக்கெட்டோடு அதிலோ முதல் வகுப்புப் பெட்டியிலோ ஏறிவிட்டால் அபராதம் கட்ட நேரும்.

இதெல்லாம் பணமும் நேரமும் போகிற தவறுகள். படியில் தொங்குவது அப்படியல்ல. 2018 ஜூலையில் ஒரு காலை நேரம், வேறு தண்டவாளத்தில் திருப்பிவிடப்பட்ட ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்தில் சுவரில் மோதி இறந்துபோனார்கள். தினமும் போய்வந்த வழிதான். ஆனால் அன்று வண்டி ஓடிய தண்டவாளம் வேறு, சுவர் இருந்த தூரமும் வேறு. தொங்குபவருக்கு அது முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. உள்ளே இடமில்லை என்றால், தயவுசெய்து அந்த வண்டியை விட்டுவிடுங்கள். நெரிசல் நேரத்தில் அடுத்தது சீக்கிரமே வரும். அப்புறம், கூட்டம் பெரும்பாலும் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் பெட்டிகளில்தான் குவியும். பிளாட்பாரத்தில் நாலு பெட்டி தூரம் தள்ளி நடந்துபோய் நின்றால், உள்ளே நிற்கவாவது இடம் கிடைக்கும்.