கிராம சபைக்குப் போகும் முன் ஊராட்சிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்டு எதையும் சரிபார்க்க முடியாது. செயலர் மைக்கில் தொகைகளை மடமடவென்று படித்துக்கொண்டு போவார், நாலாவது வரி வரும்போது முதல் வரி மறந்திருக்கும், அதற்குள் யாராவது ஒருவர் எழுந்து தன் வீட்டு வாசல் சாக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார் (அவர் பேசுவதில் தப்பே இல்லை, அவருக்கு அதைச் சொல்ல வேறு இடம் கிடையாது), கணக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தீர்மானத்தில் ஏறிவிடும். அதனால் பார்க்க வேண்டியதைக் கூட்டத்துக்கு முந்தின இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். கூட்டத்துக்குக் கேள்வியோடு போங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை வழக்கமாக ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். மார்ச்சும் நவம்பரும் 2022-ல் சேர்ந்தவை. கூட்டப் பொருள் பட்டியலில் 'கிராம ஊராட்சி நிர்வாகம் மற்றும் பொது நிதி செலவினம்' என்று ஒரு வரி வரும். நமக்கு வேண்டியது அதுதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கான கணக்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த மாதங்களை விட்டு வெளியே போகாதீர்கள். அஞ்சு வருஷக் கணக்கையும் ஒரே கூட்டத்தில் கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

அடுத்து, பணம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி என்று ஊராட்சியே வசூலிப்பது ஒரு பங்கு. மாநில நிதிக்குழு மானியம் இன்னொன்று. ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் மூன்றாவது, அதற்குக் கட்டுப்பாடு அதிகம். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது, மீதி 40 சதவீதத்தை ஊரின் மற்ற தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக்கூடாது. இது தெரியாமல் 'தண்ணிக் காசுல ஏன் ரோடு போடல' என்று கேட்டால் செயலர் ஒரே வரியில் மடக்கிவிடுவார். தெரிந்து வைத்திருந்தால், குடிநீருக்கு என்று வந்த பணம் வேறெதற்காவது போயிருப்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

இந்த மானியக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஊராட்சிக் கணக்குகளுக்கான ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டுத் திட்டத்தில் என்னென்ன வேலை இருந்தது, எதற்கு எப்போது எவ்வளவு பணம் போனது என்று வவுச்சர் வாரியாக வரும். வேலைகளின் பெயர்கள் குழப்பமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் தெருவுக்குத் தொடர்புடைய அஞ்சாறு வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். ஊராட்சியின் சொந்த வருமானச் செலவு முழுவதும் அதில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு ஊராட்சி அலுவலகப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தாள் கையில் இருக்கிறது, இனி ஊருக்குள் நடக்க வேண்டும். என்னைக் கேட்டால் தெருவிளக்கில் ஆரம்பிப்பதுதான் நல்லது, ஏனென்றால் எண்ணிப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். இரவு ஏழரைக்கு மேல் இரண்டு பேராகப் போய்த் தெரு வாரியாக எத்தனை கம்பம், எத்தனையில் விளக்கு இருக்கிறது, எத்தனை எரிகிறது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பிறகு கணக்கில் 'தெருவிளக்கு உதிரிபாகங்கள்' என்று எழுதிய தொகையைப் பாருங்கள். ஒரு வேளை அந்த மாதங்களில் 40 பல்பு வாங்கியதாக இருந்து, நீங்கள் சுற்றிய தெருக்களில் புதிதாக மாட்டியது பத்துக்கூடத் தேறவில்லை என்றால், மீதி எங்கே என்று கேட்க உங்களிடம் எண்ணிக்கை இருக்கிறது. பதில் நியாயமாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் இருப்பாக இருக்கலாம், பக்கத்துக் குக்கிராமத்தில் மாட்டியிருக்கலாம். இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினால் விஷயம் அங்கேயே முடிந்தது.

தண்ணீருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி மின்கட்டணம்தான், ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. ஊராட்சி பெயரில் எத்தனை மின் இணைப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த மோட்டாருக்கு என்று பட்டியல் கேளுங்கள். வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் இணைப்பைத் துண்டிக்காமல் அதற்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தால் பட்டியலிலேயே தெரிந்துவிடும். தொட்டி ஆப்பரேட்டரிடம் பேசுங்கள். எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுகிறார், மோட்டார் கடைசியாக எப்போது ரிப்பேரானது, யார் வந்து பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கணக்கில் மோட்டார் பழுதுச் செலவு அடிக்கடி வந்தால் இந்தப் பேச்சு மிகவும் உதவும். அவரை மாட்டிவிடுகிற மாதிரி கூட்டத்தில் பெயர் சொல்லாதீர்கள், அவர் சம்பளம் அந்த ஊராட்சியிலிருந்துதான் வருகிறது.

சிமெண்ட் ரோடு, பேவர் பிளாக், வடிகால் என்றால் வேலை நடந்த இடத்தில் இருக்கும் விவரப் பலகையைப் போட்டோ எடுத்துவிட்டு டேப் பிடித்து நீளம் அகலம் அளந்துவிடுங்கள். அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதியதும் நீங்கள் அளந்ததும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்.

வரவுப் பக்கத்தையும் விடாதீர்கள். கேட்பு (கட்டச் சொல்லிக் கேட்ட வரி), வசூல், நிலுவை என்று ஒரு பதிவேடு உண்டு. யார் வீட்டில் பாக்கி என்று துழாவுவதற்காக அதைப் பார்க்க வேண்டாம், ஊர்ச் சண்டைதான் மிஞ்சும். மொத்தத்தில் எவ்வளவு நிலுவை, பெரிய கட்டடங்களுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் கேட்பு போட்டிருக்கிறார்களா என்பதே போதும். வரி வசூலிக்காத ஊராட்சி எல்லாவற்றுக்கும் மானியத்தையே எதிர்பார்த்து நிற்கும், சின்னச் சின்ன வேலைகூடத் தள்ளிப்போகும்.

கூட்டத்தில் கேட்கும் விதம் முக்கியம். 'ஊழல் நடந்திருக்கு' என்று ஆரம்பித்தால் தலைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், அவர் ஆட்கள் சத்தம் போடுவார்கள். அதற்குப் பதில், 'தலைவரே, ஜூன் மாசக் கணக்குல தெருவிளக்கு சாமான்னு ஒரு தொகை இருக்கு, அதுல எத்தனை பல்பு, எந்தெந்தத் தெருவுல மாட்டுனோம்னு மட்டும் சொல்லுங்க' என்று கேளுங்கள். ஒரு ஆள் ஒரு கேள்வி. நாலு பேர் முன்கூட்டியே பிரித்துக்கொண்டு போனால் நாலு கேள்விக்கும் பதில் வரும், ஒரே ஆள் நாலையும் கேட்டால் 'இவருக்கு இதே வேலை' என்றுதான் பேச்சு வரும். மகளிர் குழுவிலிருந்து ஒருவர் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டால் கூட்டமே நிமிர்ந்து கேட்கும். துணைத் தலைவரிடமும் கேளுங்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியில் பணம் வெளியே போகத் தலைவரோடு அவருடைய ஒப்புதலும் வேண்டும். பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிற ஊர் என்றால், இதே கேள்விகளை அவரிடமும் கூட்டத்தைக் கவனிக்க வரும் அலுவலரான பற்றாளரிடமும் வைக்கலாம்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வருகைக்கு என்று கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதும் பழக்கம் இருந்தால், கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியும் கிடைத்த பதிலும் அதில் ஏற வேண்டும். 'அடுத்த கூட்டத்தில் இருப்புப் பதிவேடு வைக்கப்படும்' என்ற ஒரு வரி ஏறினாலே அது பெரிய காரியம்.

பதிலே வரவில்லையா, அன்றைக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும், தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் கேட்பதைவிட, பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கடைசித் தணிக்கை அறிக்கையையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். தணிக்கைத் தடைகள் என்று அதிகாரிகளே எழுதிவைத்த குறைகள் அதில் இருக்கும், அவற்றில் எதெல்லாம் தீர்ந்தது என்பது அடுத்த கூட்டத்துக்கு உங்கள் முதல் கேள்வி. அக்டோபர் 2-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவில் மட்டும் சரியாக 30 நாள்தான் இருக்கிறது, அந்த முறை மனுவைக் கொஞ்சம் முன்னாடியே போட்டுவிடுங்கள்.