மாலகைட் நகையை எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள்

வெளிர்பச்சையும் கரும்பச்சையும் வளையம் வளையமாக ஓடும் மாலகைட் கல் பதித்த மோதிரமோ மாலையோ உங்களிடம் இருக்கிறதா? எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. அது செம்புக் கார்பனேட் கனிமம். புளிப்பு பட்டால் நுரைத்து அரித்துவிடும், பளபளப்பு போய்விடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதன் கடினம் 3.5 முதல் 4 வரைதான், அதனால் தூசியில் உள்ள மணல் துகளே கீறிவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். மற்ற நகைகளோடு சேர்க்காமல் தனித் துணிப்பையில் வையுங்கள். குடிக்கிற தண்ணீரில் இந்தக் கல்லைப் போட்டு வைக்கவே வேண்டாம், செம்பு கரையும்.

பழைய எகிப்தில் இதைப் பொடித்துக் கண்ணுக்குத் தீட்டினார்கள். ஆனால் இதன் அழகை முழுதாக வெளிக்கொண்டு வந்தவர்கள் ரஷ்யக் கைவினைஞர்கள்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனை 1837-இல் தீப்பிடித்த பிறகு, கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் பிரியுல்லோவ் அங்கே மாலகைட் அறையை வடிவமைத்தார். அதன் தூண்கள் முழுக்கல் இல்லை. யூரல் மலைக் கல்லைச் சில மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து, வரியோடு வரி சேரும்படி ஒட்டியவை. என்ன பொறுமை!

இன்று கல் பெரும்பாலும் காங்கோவிலிருந்து வருகிறது. வாங்கும்போது உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: அசல் கல் சில்லென்று, கனமாக இருக்கும். லேசாக இருந்து, வரிகளும் ஒரே அகலத்தில் ஓடினால் அது பிளாஸ்டிக்காக இருக்கலாம்.