ஆச்சியின் மாத்திரைப் பையும் ஓர் ஆட்டுக்குட்டியும்: சிரிக்க வைத்துப் பாதுகாப்பு சொல்லும் படப்புத்தகம் செய்யும் முறை

மூன்று வயதுப் பிள்ளையிடம் "தொடாதே" என்றால், எதைத் தொடக் கூடாது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். நீட்டிய கையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. படப்புத்தகம் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். சிரிப்பு வந்தால் பிள்ளை அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கும். கேட்கக் கேட்கச் செய்கை பழகிவிடும்.

ஒரு புத்தகத்துக்கு ஒரே ஆபத்து. அதை உங்கள் வீட்டையும் தெருவையும் சுற்றிப் பார்த்து எடுங்கள். சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி போல ஆற்றங்கரை ஊர் என்றால் தாமிரபரணிப் படித்துறைப் பாசி. வீட்டுக்குள் என்றால் நிரம்பிய வாளி, வடித்து வைத்த சுடு கஞ்சி, குளிர்பான பாட்டிலில் ஊற்றிய மண்ணெண்ணெய், ரிமோட்டில் கிடக்கும் பொத்தான் பேட்டரி. வாசலில் மஞ்சள் அரளி நின்றால் அதன் காய். குற்றாலம் போகிற வீடுகளுக்குக் குரங்கு தனிப் புத்தகம்.

சேட்டை செய்வது விலங்காக இருக்கட்டும். பிள்ளையையே வைத்து வரைந்தால் வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள், பிள்ளை புத்தகத்தை வெறுத்துவிடும். எந்த விலங்கு என்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீர்ப் புத்தகத்துக்கு வாத்தும் எருமையும் ஆகாது. அவை ஆற்றில் இறங்கினால் ஒன்றும் ஆவதில்லை, பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கோழி சரி. ஆச்சியின் முந்தானையை அலகால் கவ்விக்கொண்டு படியில் நிற்கும் கோழிக்குச் சிரிக்காத பிள்ளை இல்லை.

பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சிரிப்பு ஆபத்துக்கு முந்தின பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். மாத்திரையைத் தின்ற ஆடு ஊதிப்போய் வானத்தில் பறந்தால் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்; மறுநாள் தானும் பறந்து பார்க்க நினைக்கும். ஆடு செத்துப்போனதாக வரைந்தால் புத்தகத்தையே தூக்கி எறியும். ஆடு தின்னவே கூடாது.

ஏ4 அளவுத் தடித்த தாள் மூன்றை அடுக்கி நடுவில் மடித்தால் 12 பக்கம். முன் அட்டையும் பின் அட்டையும் போக 10. இரண்டாம் பக்கம் பிள்ளையின் பெயருக்கு. 3 முதல் 10 வரை கதை. 11 செய்கைக்கு.

மாத்திரைக் கதையை இப்படி அமைக்கலாம். 3: கண்டதையும் மேயும் குட்டி. 4: நாள்காட்டியைத் தின்கிறது. 5: மாமாவின் செருப்பு. 6: கொடியில் காயும் வேட்டி. 7: கீழே கிடக்கும் ஆச்சியின் பை, எட்டிப் பார்க்கும் மாத்திரை அட்டை, குட்டியின் நீண்ட நாக்கு. பதற்றமான படம் எப்போதும் வலப்பக்கத்தில் வரட்டும். அடுத்தது என்ன என்று பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். 8, 9 இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய படம்: குட்டி பின்னால் நகர்ந்து "ஆச்சீ!" என்று கத்துகிறது. 10: ஆச்சி பையை உயரத்தில் வைத்துவிட்டு, "நல்ல வேலை செஞ்ச மக்கா" என்று அகத்திக்கீரை கொடுக்கிறாள். இங்கே மிட்டாய் வரைய வேண்டாம், மாத்திரையை மிட்டாயோடு சேர்த்துப் பேசவே கூடாது. 11: கையைப் பின்னால் கட்டு, ஓர் எட்டுப் பின்னால் போ, கூப்பிடு.

பக்கத்துக்கு ஐந்தாறு சொல் போதும். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள்.

ஸ்டேப்ளர் பின் வேண்டாம். கழன்றால் வாய்க்குப் போகும். மடிப்பில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை. 45 செ.மீ. நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே எடுத்து, கீழ்த்துளையில் வெளியே விட்டு, திரும்ப நடுத்துளையில் உள்ளே இழுத்து முடிச்சிடுங்கள். மணி, ஜிகினா எதுவும் ஒட்ட வேண்டாம்.

முதல் தடவை கேள்வி கேட்காமல் வாசியுங்கள். அடுத்த தடவை ஏழாம் பக்கத்தில் நிறுத்தி, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டு, எழுந்து நின்று செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. சில நாள் கழித்துக் காலி மாத்திரை அட்டை ஒன்றைத் தரையில் போட்டு அருகிலிருந்து பாருங்கள். கை அட்டைக்குப் போனால் திட்ட வேண்டாம். கதை தெரிகிறது, செய்கை இன்னும் பழகவில்லை. 11ஆம் பக்கத்தைத் திரும்ப நடித்துப் பாருங்கள். நன்றாகச் செய்கிற பிள்ளையும் ஒருநாள் மறந்து கை நீட்டும் வயது இது. அதனால் புத்தகம் வந்த அன்றே பை பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும்.

உடம்பைத் தொடுவது பற்றிய புத்தகத்துக்கும் சிரிப்பு வரலாம், ஆனால் நாய்க்குட்டியின் "வேண்டாம்!" தெருவையே அதிர வைக்கிறது என்பதில் மட்டும். தொட்டவரையோ பிள்ளையின் கூச்சத்தையோ வேடிக்கையாக்கக் கூடாது.

பின் அட்டை பெரியவர்களுக்கு. ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098 என்று பெரிதாக எழுதுங்கள். கீழே: மாத்திரையோ மண்ணெண்ணெயோ உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், பேட்டரியை விழுங்கியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், சுட்ட இடத்தில் பற்பசையோ மையோ தடவாமல் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.