சென்னை விமானம்: சீட்டில் உள்ள நேரமும் பறக்கும் நேரமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து சென்னைக்குச் செல்வோர், பயணச்சீட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்து, போவதற்கு ஒன்றரை மணி நேரமும் திரும்புவதற்கு ஆறரை மணி நேரமும் ஆகும் என்று குழம்புவதுண்டு. சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் கடிகாரப்படி குறிக்கப்பட்டவை. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், போகும்போது அதைக் கூட்டியும் வரும்போது கழித்தும் பார்த்தால், கோலாலம்பூரிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரத்துக்கு இருவழியிலும் ஏறத்தாழ 4 மணி நேரமே வரும். நேரம் பார்த்து மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு இக்கணக்கு மிகவும் தேவை.

சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காரில் செல்லவே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், காலை 10 மணி விமானத்துக்கு விடியற்காலை 3 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுவது நல்லது. பெருநாள் விடுமுறையென்றால் முந்தைய இரவே கிளம்பலாம்.