சாலைத் திட்டங்களின் தாக்கத்தைச் சரியாக மதிப்பிடுவது எப்படி?

சாலை அமைந்த பிறகு வருமானம் உயர்ந்தது என்பதாலேயே, சாலைதான் அதை உயர்த்தியது என்று எழுதிவிட முடியாது. ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் ஊர்களுக்கே பல சமயம் முதலில் சாலை கிடைக்கிறது. ஆகவே, சாலை வராதிருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டக்கூடிய ஒப்பீட்டு ஊர்களைப் பணி தொடங்கும் முன்பே தேர்ந்தெடுத்து, அடிப்படைக் கணக்கெடுப்பையும் அப்போதே நடத்துங்கள்.

சாலைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவது அரிது என்பதால், திட்ட விதிகளிலேயே நியாயமான ஒப்பீட்டுக்கான வாய்ப்பைத் தேட வேண்டும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 1000, 500 என்ற மக்கள்தொகை வரம்புகளைக் கொண்டு முன்னுரிமை அளித்ததால், வரம்புக்குச் சற்று மேலும் கீழும் இருந்த, மற்றபடி ஏறத்தாழ ஒரே மாதிரியான கிராமங்களை ஆய்வாளர்களால் ஒப்பிட முடிந்தது. விவசாயத்திலிருந்து வேறு வேலைகளுக்கு மக்கள் நகர்ந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. எதிர்பார்ப்புக்கு மாறான இத்தகைய முடிவுகளையும் முழுமையாக வெளியிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பக்கத்து ஊர்களை ஒப்பீட்டுக்கு எடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. புதிய சாலை அங்கிருந்த வணிகத்தை இழுத்துக்கொண்டால், வெறும் இடமாற்றம் வளர்ச்சியாகத் தோன்றும். எனவே சாலையிலிருந்துள்ள தொலைவின்படி ஊர்களை வகைப்படுத்தித் தனித்தனியே அளவிடுங்கள்.

பயண நேரம், கட்டணம், விபத்துகள், பெண்களின் வெளிப்பயணம் ஆகியவற்றையும் பதிவுசெய்யுங்கள். பராமரிப்பு தவறினால் பலன் தேயும் என்பதால், சில ஆண்டுகள் கழித்துச் சாலையின் நிலையோடு சேர்த்து மறுபடியும் அளவெடுங்கள்.